முதல் ஒரு மணி நேரம் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரை, குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைச் சரியாகவே எடுத்துரைத்திருந்தது. ஆனால் தாய்க்கு மனவுறுதி இருந்தால் போதும் என்று அது முடித்திருந்ததை, பினாங்கில் பேறுகால வார்டில் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னால் ஏற்க முடியவில்லை. பிரசவித்துக் களைத்துக் கிடக்கும் பெண்ணின் கையில் அந்த ஒரு மணி நேரம் இருப்பதில்லை. அவள் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

பிறந்தவுடன் குழந்தை நல்ல விழிப்போடு இருக்கும். துடைத்துவிட்டுத் தாயின் வெறும் மார்பின் மேல் குப்புறக் கிடத்தி, மேலே துணியைப் போர்த்திவிட்டால், அது தானாகவே காம்பைத் தேடி நகரத் தொடங்கும். இரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலும் நீண்ட தூக்கத்தில் ஆழ்ந்துவிடும். பிறகு எழுப்பிக் குடிக்க வைப்பது எளிதன்று. எடை பார்ப்பதும் வைட்டமின் கே ஊசி போடுவதும் முதல் பால் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கலாம். குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப்போடுமாறு உலகச் சுகாதார நிறுவனமே கூறுகிறது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு அறுவைச் சிகிச்சையில் பெற்ற தாயும், இருவரும் நலமாக இருந்தால், குழந்தையை உடனே மார்பில் அணைத்துக்கொள்ளலாம். இவை எல்லா மருத்துவமனைகளிலும் தாமாக நடந்துவிடும் என்று நம்பியிராமல், பிரசவத்திற்குப் பதிவு செய்யும்போதே குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த இடையூறு வீட்டாரிடமிருந்து வருகிறது. முதல் நாளே 'பால் ஊறவில்லை' என்ற தீர்ப்பு வந்துவிடும். மறுநாள் மாவுப் பால் டின் கட்டிலருகே நிற்கும். உண்மையில் அந்த நாள்களில் சுரப்பது சீம்பால். ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர்தான் வரும். முதல் நாளில் குழந்தையின் வயிறு கொள்ளும் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த அந்தப் பால் குழந்தையின் கரும்பச்சை மலத்தை வெளியேற்றவும் உதவுவதால், மஞ்சள் காமாலை கூடாமலிருக்கவும் துணைசெய்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறிய பின் ஹார்மோன்கள் மாறி, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் பால் பெருகும். அதுவரை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை குழந்தையை மார்பில் வைப்பதே, பால் பெருகுவதற்கு உடலுக்குக் கிடைக்கும் கட்டளை. இடையில் புட்டிப் பாலால் வயிற்றை நிரப்பிவிட்டால் அந்தக் கட்டளை குறைந்து, 'பால் போதவில்லை' என்ற சொல் மெய்யாகிவிடுகிறது. சேனை என்று சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உயிராபத்தே நேரலாம்.

இதற்காக நம் பாட்டிமார்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ரப்பர்த் தோட்டங்களில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு டின் பால் கைகொடுத்தது. அந்தப் பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று விற்பதைக் கண்டித்து, மலாயாவில் பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூரில் உரையாற்றியது எத்தனை தோட்டங்களை எட்டியிருக்கும்?

நம் சமூகத்தில் கர்ப்பகால இனிப்பு நீர் (நீரிழிவு) பரவலாக இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தகைய தாய்மார்களுக்குப் பால் பெருகச் சற்றுத் தாமதமாகலாம். குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று குறையவும் கூடும். ஆகவே அவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் இன்னும் முக்கியமானது. குழந்தை சப்பாவிட்டால் சீம்பாலைக் கையால் பீய்ச்சிக் கரண்டியில் ஊட்டலாம். அதன் பின்னும் சர்க்கரை தாழ்ந்திருந்து மருத்துவர் மாவுப் பால் கொடுக்கச் சொன்னால், அதைத் தாயின் தோல்வியாக யாரும் பேச வேண்டாம்.

மலேசியாவில் 2023 முதல் தனியார் துறையில் வேலை செய்யும் மணமான ஆண்களுக்கும் 7 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. அந்த நாள்களில் பார்க்க வரும் கூட்டத்தைக் கணவர் வாசலிலேயே நிறுத்தி வைத்தால், கூச்சமின்றிப் பால் கொடுக்க மனைவிக்கு இடம் கிடைக்கும்.

தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் உலகெங்கும் முன்னெடுத்துவரும் தாய்ப்பால் செயற்பாட்டுக்கான உலகக் கூட்டணியின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. இத்தீவில் பலரும் அதை அறிந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆகஸ்டில் இது குறித்துத் தாங்கள் கட்டுரை வெளியிடுவதானால், அதை மாமியாரும் கணவரும் படிக்கும்படி எழுதச் செய்து, பிரசவத்திற்குப் பதிவு செய்யும்போது மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்விகளையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.