ஆரஞ்சுப் பெட்டி

அன்பு மகளுக்கு,

உன் செய்தி வந்தது. பள்ளியில் தாத்தா ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம், பையனுக்குச் சீக்கிரம் அனுப்ப வேண்டுமாம், இரண்டே வரி. அடுத்த வரியில் பெட்டி அனுப்ப முகவரி. சரி, காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் குளிர் எப்படி? கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

பையனுக்கு இதைச் சொல். நம் ஊர் நாஃப்லியோ, கிரேக்க நாட்டில் ஆர்கோஸ் வளைகுடாவின் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், முதுகுக்குப் பின்னால் 216 மீட்டர் உயரப் பாறை, அதன் மேல் பலமிதி கோட்டை. வெனிஸ்காரர்கள் 1711-ல் தொடங்கி 1714-ல் கட்டி முடித்தார்கள், 1715-லேயே துருக்கியரிடம் பறிகொடுத்தார்கள். அத்தனை கல்லும் உழைப்பும் ஒரு வருஷத்துக்கு! நம் ஆட்கள் அதைப் பிடித்தது 1822-ல், நவம்பர் 30 விடிவதற்குள். போன வாரம் கூட மேலே புனித அந்திரேயா கோயிலில் பூசை நடந்தது. நான் போனேன். படியில் ஏறவில்லை, சாலை வழியாகக் காரில்தான், முழங்கால் விஷயம் உனக்குத் தெரியும்.

படி 999 என்று எழுதச் சொல். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஆயிரமாவது படியை விடுதலைப் போர்த் தளபதி கொலோகோத்ரோனிஸின் குதிரை உடைத்துவிட்டதாம். நீயும் நானும் எண்ணியபோது ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வந்தது, நீ அழுதாய், நான் ஒரு படியை இரண்டாக எண்ணி ஒப்பேற்றினேன். அதை எழுத வேண்டாம்.

கிரேக்க நாட்டுக்கே 1834 வரை நம் ஊர்தான் தலைநகரம், அதை மறக்காமல் எழுதட்டும். இப்போது 14 ஆயிரத்துச் சொச்சம் பேர். ரயில்கூட 2011-ல் நின்றுபோனது. முதல் ஆட்சித் தலைவர் கபோதிஸ்திரியாஸை 1831-ல் புனித ஸ்பிரிடோன் கோயில் வாசலில் கொன்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குண்டு பட்ட குழி இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையில் விரலை விடப் பார்ப்பாய். கொன்றவர்களில் ஒருவன் ஜார்ஜியோஸ் மாவ்ரோமிகாலிஸ். அவன் அப்பாவை கபோதிஸ்திரியாஸ் சிறையில் போட்டிருந்தார், அந்தக் கோபம்.

புராணத்தில் இது தலைகீழ். கோட்டைக்குப் பெயர் தந்த பலமேதஸை ட்ராய் போரில் ஒடிசியஸ் சூழ்ச்சியால் கொல்ல வைத்தான். பலமேதஸின் அப்பா நாஃப்லியோஸ் என்ன செய்தான் தெரியுமா, போர் முடிந்து திரும்பிய கிரேக்கக் கப்பல்களுக்குப் பாறைமேல் பொய்த் தீ மூட்டி வழிகாட்டி மோத வைத்தான். ஒரு பிள்ளைக்காக ஒரு கப்பல் படையையே. பையனுக்கு இது பிடிக்கும். மாப்பிள்ளைக்கும் பிடிக்கும், அவர்தான் கப்பல் கதை கேட்பார். அவரும் அங்கேதானே இருக்கிறார்?

கடலுக்குள் இருக்கும் பூர்ட்சி கோட்டையையும் படம் வரையச் சொல். தலை வெட்டும் ஆட்களை ஊருக்குள் குடியிருக்க விடாமல் அங்கே வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் பெரியவனான பிறகு சொல்லலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்தை மூடிக்கொள் என்று ஏற்கெனவே எழுதிவிட்டேனோ. அங்கே தனியாக ஒரு வேலையைப் பிடித்து, அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறாய் என்று காபிக்கடையில் சொல்லாத நாளில்லை. ஆனால் மாதம் ஒரு போன்கூட செய்ய முடியாதா? பக்கத்து வீட்டுக்காரியின் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வாரா வாரம் பேசுகிறாள்.

நீ கொடுத்த முகவரி வேறு தெரு. மேல்மாடி, மணியில் நம் வீட்டுப் பெயர் மட்டும். நான் எதுவும் கேட்கவில்லை. அத்தை கேட்டாள், வீடு மாற்றியிருப்பார்கள், பெரிய வீடாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

ஆகஸ்டில் நீ கூப்பிட்டாயே, அன்றைக்கு உன் குரல் சரியில்லை. எனக்குத் தெரிந்தது. "அப்பா, ஒன்று சொல்லணும்" என்றாய். நான் உடனே தண்ணீர் உப்பாகிவிட்டது, ஆழ்துளைக் கிணற்றில் கடல் ஏறுகிறது, ஆரஞ்சுக்கு விலை இல்லை என்று ஆரம்பித்தேன், இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். நிறுத்தினால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். அம்மா இருந்திருந்தால் என் கையிலிருந்து போனைப் பிடுங்கியிருப்பாள். நாஃப்லியோஸ் மகனுக்காகத் தீ மூட்டினான், நான் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். இப்போதும் பார், நாலு பக்கம் கோட்டையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

பெட்டியில் மேலே இருப்பவை மெர்லின் ஆரஞ்சு, அப்படியே சாப்பிடலாம். கீழே துணி சுற்றியிருப்பது நம் கிணற்றடி மரத்துக் காய், தோல் தடிமன், ஜாமுக்குத்தான். நசுங்கியதை முதலில் எடுத்துவிடு, மற்றதைக் கெடுக்கும்.

உன் அறையில் நான் அடுக்கி வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாக்களையெல்லாம் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். ஹீட்டரைப் பழுது பார்த்தாயிற்று. பையனுக்கு ஒரு சின்னக் கட்டிலும் போட்டிருக்கிறேன். காரணம் ஒன்றுமில்லை, இடம் சும்மா கிடந்தது.

அப்பா