எடை கூடினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கர்ப்பிணிகளின் இரத்தசோகை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளது. காரைக்குடி வட்டாரத்தில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அதே அளவு கவனம் பெறவேண்டிய உடற்பருமனைப் பற்றியும் எழுதத் தோன்றியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9 விழுக்காடாக இருந்தது. இந்தியர்களுக்கென மருத்துவர்கள் வகுத்த அளவுப்படி, 155 செ.மீ. உயரமுள்ள பெண் 60 கிலோவைத் தொட்டாலே உடற்பருமன் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

பருமனான தாய்க்குக் குழந்தை பெரிதாகப் பிறக்கும் என்பதோடு வீட்டாரின் கவலை நின்றுவிடுகிறது. தாயின் உடம்பு படும் பாடு அவர்கள் கண்ணில் படுவதில்லை. எந்தக் கர்ப்பத்திலும் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைச் சற்றே தடுக்கும். கொழுப்பு மிகுந்த உடம்பில் அந்தத் தடை முன்பே இருப்பதால், கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் சர்க்கரை ஏறுகிறது. 20-ஆவது வாரத்திற்குப் பிறகு இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் கழிந்து, கவனிக்காவிட்டால் வலிப்பு வரை போகக்கூடிய முன்சூல்வலிப்பு என்னும் நிலைக்கும் இவர்களிடம் வாய்ப்பு அதிகம். ‘மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும்’ என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு என்றாலும், வீக்கத்தோடு விடாத தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அறுவைப் பிரசவம் ஆகும்போது தொல்லை இன்னும் கூடும். முதுகில் மயக்க ஊசி போடச் சரியான இடம் எளிதில் அகப்படாது. தையல் ஆற நாளாகும், சீழும் பிடிக்கலாம். கெண்டைக்கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் மருத்துவர்கள் சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். பிள்ளை பெற்றவள் அசையக்கூடாது என்று படுக்கையிலேயே வைத்திருக்கும் பழக்கம் இங்கே நேர்மாறான கேட்டைச் செய்கிறது.

உணவுக்கு வருகிறேன். இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்பார்கள்; ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குக் கூடுதலாகப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 350 கலோரிதான். கந்தரப்பமும் அதிரசமுமாக ஒரு தட்டு வைத்தால் அந்தக் கணக்கு அதிலேயே தீர்ந்துவிடும். வளைகாப்புப் பலகாரங்களை நிறுத்தச் சொல்லவில்லை (சொன்னால் எந்த ஆச்சியும் கேட்கப்போவதில்லை). அவற்றை வீட்டார் அனைவரும் பகிர்ந்து உண்ணலாமே. அதற்காகக் கர்ப்பத்தில் பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயல்வதும் தவறு.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஒவ்வொரு பரிசோதனையிலும் எடையைக் குறிக்கிறோம். கூடியிருந்தால், ‘நல்லது’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். உயரத்துக்கேற்ற எடையுள்ள பெண் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்றும், உடற்பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோவே போதும் என்றும் 2009-இல் வெளியான அமெரிக்கப் பரிந்துரை கூறுகிறது. முதல் பதிவிலேயே உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு, அவரவர் இலக்கைத் தாய்சேய் நல அட்டையில் எழுதிக் கொடுக்கலாம். குத்திக்காட்டாமல் சொன்னால் பெண்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

சென்னை மருத்துவர் வே. சேஷய்யாவின் முயற்சியால் பரவலான, 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை 140-ஐ (மி.கி./டெ.லி.) எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்கிறோம். முதல் முறை சரியாக இருந்தது என்று 24 முதல் 28 வாரத்திற்குள் செய்யவேண்டிய அடுத்த பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிட்டாலும் இவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், 6-ஆவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் அன்றே தாய்க்கும் அந்தப் பரிசோதனையைச் செய்து அனுப்ப ஏற்பாடு செய்யவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
காரைக்குடி.