பூப்படக் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் போன வாரம் நடந்த என் வாட்டர்கலர் பூ ஓவியக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்த எல்லோருக்கும் நன்றி என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் வரைந்ததைத் தவிர மற்ற வேலையெல்லாம் யார் யாரோ இழுத்துப் போட்டுச் செய்தது, அவர்களைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் கல்யாண மண்டபத்து ஐயா. பேசி வைத்திருந்த இடம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, "முகூர்த்தம் இல்லாத நாள்தானே, பந்தி ஹால் சும்மாதான் கிடக்குது, எடுத்துக்கம்மா" என்று சாவியைக் கொடுத்தார். கரன்ட் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்புறம் படத்தை எங்கே மாட்டுவது? பந்தல் போடும் அண்ணன் வந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மறுநாள் மூங்கில் தட்டிகளை வரிசையாக நிறுத்தி, வெள்ளைக் காடாத்துணி போர்த்தி, ஒவ்வொரு படத்துக்கும் கயிற்றில் சுருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். சாம்பார் வாசனை மட்டும் கடைசிவரை போகவில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் குண்டுமல்லித் தோட்டம் வைத்திருக்கும் அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. மல்லியை விடிவதற்குள், நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, மொட்டாகவே பறித்துவிடுவார்கள். விரிந்துவிட்டால் சந்தையில் விலை இல்லை. நான் மலர்ந்த பூவைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதற்காக வரப்போரத்துச் செடி ஒன்றைப் பறிக்காமலே விட்டுவைத்தார்கள். பூ விலை ஏறிக்கிடந்த நேரம் அது. சாயங்காலம் அது கட்டவிழ்வதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைந்தேன். கண்காட்சியில் அந்தப் படத்தைப் பார்த்த பஸ் ஸ்டாண்டு பூக்கார அக்கா, "மலர்ந்த பூவைப் போய் வரைஞ்சிருக்கியே கண்ணு, இதை எவன் வாங்குவான்?" என்றார். அக்கா வாக்கு பலித்தது, அது விற்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த டிராயிங் சாருக்குத் தனி நன்றி. அந்தப் பிள்ளைகள்தான் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள்: மல்லிக்கு வெள்ளைப் பெயிண்ட் எது? வெள்ளையே பூசவில்லை. இதழ் இருக்கும் இடத்தில் பேப்பரை அப்படியே விட்டுவிட்டு, சுற்றி இலையின் கரும்பச்சையை ஏற்றினால் பூ தானாக வெளியே வரும். இதழ் மடிப்பில் மட்டும் நீலம் கலந்த சாம்பலைத் தண்ணீர் போல ஓட்டியிருப்பேன். நம்ப மறுத்த ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்து, "ஆமாடி, பேப்பர்தான்" என்று தோழிகளைக் கூப்பிட்டதை மறக்க மாட்டேன்.

ஓசூர் பசுமைக்குடிலில் வேலை செய்யும் தம்பி, காம்பு வளைந்ததால் ஏற்றுமதிக்கு ஆகாமல் ஒதுக்கிய தாஜ்மஹால் ரக ரோஜாக்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தான். வரைபவருக்கு வளைந்த காம்புதான் அழகு, நேர்க்காம்பு எல்லாம் குச்சி மாதிரி நிற்கும். அஞ்செட்டிப் பக்கம் வேலியில் செங்காந்தள் பூத்திருக்கிறது என்று மழையில் நனைந்துகொண்டே போன் பண்ணிச் சொன்ன மாமாவுக்கும் நன்றி. ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பூ நிறம் மாறிக்கொண்டே போவதை நேரில் பார்க்காமல் அந்தப் படம் வந்திருக்காது.

ஃபிரேம் கடை அண்ணன் பேசவே மாட்டார். ஆனால் பேப்பர் கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் கோர்த்துப் பூசணம் பிடிக்கும் என்று எல்லாப் படத்துக்கும், கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவே இடைவெளி விடும் மவுண்ட் போர்டு என்ற அட்டையை வைத்து, ராத்திரி கண்விழித்து வெட்டிக் கொடுத்தார். பாதிப் பணம் இன்னும் பாக்கி, இந்த வாரம் கொடுத்துவிடுகிறேன் அண்ணா.

பதிவு நோட்டில் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கன்னடம் எனக்குப் படிக்க வராது, பக்கத்து வீட்டு அத்தை படித்துக் காட்டினார். ஒருவர் விலை அதிகம் என்று எழுதியிருக்கிறார், சரி.

சாமந்திப் படத்துக்கு முன்பணம் கொடுத்த ராயக்கோட்டை சார், படம் ஃபிரேம் கடையிலேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள், வெயில் நேராக விழும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், ரோஸ் நிறம்தான் முதலில் வெளுக்கும்.