மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துல என் காலைப் புடிச்சு விட்ட பெரியவருக்கு

நியூயார்க்ல டிசம்பர் 31 ஃபிஷ் (Phish) ராக் பேண்டு ஷோவுக்கு வந்திருந்த நரைச்ச தாடிப் பெரியவரே, ரொம்ப ரொம்ப நன்றிங்க. 1983ல வெர்மான்ட்ல ஆரம்பிச்ச பேண்டு, ஒரே பாட்டை 20 நிமிஷம் கூட இழுப்பாங்க, அடுத்து எங்க போவாங்கன்னே தெரியாது, அவங்க கிடாரிஸ்ட் ட்ரே கிடார்ல ஏத்திக்கிட்டே போறாரு, கீழ தரையே குதிக்குது (அந்த அரங்கத்துல நிஜமாவே குதிக்கும்), நான் சாமி வந்த மாதிரி ஆடிட்டிருக்கேன், டக்குனு கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. நீங்கதான் சுத்தி நின்னவங்கள நகரச் சொல்லி, என்னை உக்கார வச்சு, ஷூவைக் கழட்டி, பாதத்தை மேல தள்ளிப் புடிச்சீங்க, அதுவும் தாளம் தப்பாம தலையாட்டிக்கிட்டே! இதெல்லாம் யாருங்க பண்ணுவா? பேரு கேக்கறதுக்குள்ள கச்சேரியோட மூணாவது செட் (பகுதி) ஆரம்பிச்சு, பலூனா கொட்டி, கூட்டத்துல காணாம போயிட்டீங்க. அடுத்த வாட்டி பாத்தா பீர் என் செலவு.