மை வாளியைத் திறக்குமுன்

ஹட்டன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜெயா,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? உன் கடிதம் வந்து ஒன்றரை மாதமாகிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தம்பியோடு சேர்ந்து வீட்டிலேயே சிலிக்கோன் மையால் ஜெர்சியில் எண் அச்சடிக்கப்போவதாக எழுதியிருந்தாயே, வாளியைத் திறந்துவிட்டாயா? இல்லையென்றால் முதலில் இதைப் படி.

போன வாரம் இங்கே அச்சடிக்கும் இடத்தில் குமாரி மயங்கி விழுந்துவிட்டாள். நம் மாலா அக்காவின் மகள்தான், 19 வயது. பாடசாலை விளையாட்டுப் போட்டி ஓடர், அவசரம். வெளியே மழை, பனிமூட்டம். குளிர் தாங்காமல் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, மை கரைக்கும் தின்னரை ஊற்றி ஸ்கிரீனை, அதுதான் அச்சடிக்கும் வலைச்சட்டத்தை, கழுவிக்கொண்டிருந்தோம். தலை வலிக்கிறது என்றாள். தேத்தண்ணி குடி என்றேன். கொஞ்ச நேரத்தில் சுவரோடு சரிந்துவிட்டாள். வெளியே தூக்கிவந்து காற்றுப்பட வைத்ததும் கண்ணைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம், இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் இரவில் தூக்கமில்லை.

அவள் மாஸ்க் போட்டிருந்தாள் ஜெயா! கொரோனா காலத்து மாஸ்க். அது தூசியைத் தடுக்கும், எச்சிலைத் தடுக்கும். தின்னரின் ஆவி அதற்குள் தாராளமாகப் போகும். ஆவிக்கு வேண்டியது இரண்டு பக்கமும் கரி அடைத்த டப்பி வைத்த ரப்பர் முகமூடி. டப்பியில் பழுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் மூடி வை. சும்மா கிடந்தாலும் கரி காற்றிலிருப்பதை இழுத்து நிறைந்துவிடும். முகமூடிக்குள் வாசம் வந்தால் டப்பியை மாற்றிவிடு. அதைவிட முக்கியம் ஜன்னல். குளிர்ந்தால் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொள்.

கையுறைக் கதை வேறு. அதற்கு முந்தின வாரம் 40 ஜெர்சியில் எண்கள் இறுகவே இல்லை, பிசுபிசுவென்று ஒட்டின. ஒரு கிலோ மைக்கு 20 கிராம் கேட்டலிஸ்ட் (மையை இறுகவைக்கும் மருந்து), நிறுத்துத்தான் கலந்தேன். மை விற்றவரோடு போனில் சண்டையே போட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றம் எங்கள் லேடெக்ஸ் கையுறையில்! ரப்பர் பாலை இறுக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். இந்த மையை இறுகவைப்பது பிளாட்டினம். கந்தகம் பட்டால் அதன் வேலை நின்றுவிடும். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஆகவே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வாங்கு. அதிலும் சிலவற்றில் கந்தகம் இருக்கும். கலந்த மையில் ஒரு பொட்டு கையுறை மேல் வைத்து, இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு மொத்தமாக வாங்கு. மெல்லிய நைட்ரைல் மை கலக்க மட்டும்தான். அசிட்டோன் கலந்த தின்னர் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவும், கிழியாமலே தோலுக்கு வந்துவிடும். நாங்கள் அந்தத் தின்னரையே நிறுத்திவிட்டோம். மையை அட்டையால் வழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தைப் பெயிண்ட் கரைக்கும் வைட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கிறோம், முழங்கைவரை வரும் தடித்த நைட்ரைலோடு. தோலில் மை பட்டால் தின்னரைத் தொடாதே. காய்ந்த துணியால் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு.

கண்ணுக்குப் பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி வேண்டும். கட்டுநாயக்கா போர்டிங்கில் போட்டுத் திரிந்தாயே, அந்தக் கண்ணாடி செல்லாது, சொல்லிவிட்டேன். ஏப்ரனுக்கு, அம்மா கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கை நினைத்துக்கொள். அது நெஞ்சுவரை வந்தால் சரி.

அப்பா தோட்டத்தில் மருந்தடித்த காலம் உனக்கு நினைவிருக்கும். வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு போவார், சாயந்தரம் கண் சிவந்து வருவார். துவாய் கட்டியிருக்கிறாரே என்றுதான் நாங்களும் இருந்தோம். குமாரி முகத்து மாஸ்க்கைப் பார்த்து நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சுரேஷ் பொகவந்தலாவை பஸ்ஸில் வருகிறான். முகமூடி இரண்டு, கண்ணாடி இரண்டு கொடுத்துவிடுகிறேன். காசைப் பற்றிப் பேசாதே. கையுறைக்கு அளவு வேண்டும்; உன் உள்ளங்கையையும் தம்பியுடையதையும் நூலால் சுற்றி அளந்து அவனிடமே கொடுத்தனுப்பு. அதுவரை வாளி மூடியே இருக்கட்டும்.

அன்புடன்,
புனிதா