பாம்பன் – தங்கச்சிமடம் சாலையோரக் கட்டடங்களில் மழைநீர், நடைபாதை, வாகன நிறுத்தம் ஆகியவற்றைச் சரிபார்த்து அனுமதி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
பாம்பன், தங்கச்சிமடம் பொதுமக்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பனிலிருந்து இராமேசுவரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 87-ன் இருபுறமும் விடுதிகளும் உணவகங்களும் கடை வளாகங்களும் பெருகி வருகின்றன. யாத்திரை வருவோரை நம்பி எங்களில் பலருடைய பிழைப்பும் நடப்பதால், கட்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டுகிற விதம் ஊரைப் பாதிக்கிறது என்பதே எங்கள் முறையீடு.

மனையைச் சாலை மட்டத்துக்கு மேல் மண்ணடித்து உயர்த்துகிறார்கள். சுற்றுச்சுவர் எழுப்பி, முன்பக்கம் முழுக்க கான்கிரீட்டோ பேவர் பிளாக்கோ போட்டு மூடிவிடுகிறார்கள். அங்கே விழும் மழை அத்தனையும் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் மீனவர் குடியிருப்புக்குள் இறங்குகிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்தது. அந்த மழைக்கு எந்த வாய்க்காலும் ஈடுகொடுத்திருக்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வழக்கமான ஐப்பசி மழைக்கே வாசலில் தண்ணீர் கட்டி நிற்பதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் தீவு மணல் பூமி. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே தங்குவதால்தான் கிணற்றிலும் ஊற்றிலும் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மணலை மூடினால் மேலே வெள்ளம் நிற்கும், கீழே கிணறு உவர்க்கும். மல்லிகைப் பதியம் போட்டு விற்கும் குடும்பங்களுக்கு அந்தக் கிணறுதான் மூலதனம். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி மழைநீரோடு கலந்துவிட்டால், அது ஒருபக்கம் பாக் விரிகுடாவுக்கும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவுக்கும் போய்ச் சேரும். 1986-ல் 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அந்த வளைகுடாவில்தான் இருக்கிறது.

சாலையோர மண்தடமும் எங்களுக்கு இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. கூடையில் மீன் சுமக்கும் பெண்களும், கடற்பாசி எடுத்துத் திரும்புவோரும், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அதில்தான் போய் வந்தார்கள். இப்போது அங்கே சுற்றுலாப் பேருந்துகளும் வேன்களும் நிற்கின்றன. வரைபடத்தில் வளாகத்துக்குள் வாகன நிறுத்துமிடம் காட்டியிருப்பார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால் அந்த இடத்தில் கடை இருக்கும். வண்டிகள் நெடுஞ்சாலையிலேயே பின்னோக்கி எடுக்கப்படுகின்றன. சைக்கிளில் வரும் பிள்ளைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்குப் போக வேண்டியிருக்கிறது. பெற்றவர்கள் நாங்கள் தினமும் பயந்துகொண்டுதான் அனுப்புகிறோம்.

இதற்கெல்லாம் புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வாகன நிறுத்துமிடத்தையும் மழைநீர் சேகரிப்பையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்காக வாசலில் அமைக்கும் சாய்தளம், தள்ளாத வயதில் தீர்த்தமாட வருவோருக்கும் உதவும்.

ஆகவே, இனி வரும் வணிகக் கட்டட வரைபடங்களில் மனையின் மட்டம், சாலையின் மட்டம், தண்ணீர் வடியும் திசை ஆகிய மூன்றும் கட்டாயம் காட்டப்பட வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் நீர் இறங்கும் தரை அமைத்து, உறிஞ்சு குழிகளும் தோண்ட வேண்டும். வாசல் கதவிலிருந்து கட்டடம் வரை நடப்பவருக்கென்று தனி வழியும், ஊழியர்களின் சைக்கிள்களுக்கு நிழலுள்ள இடமும் வேண்டும். பேருந்துகள் வளாகத்துக்குள்ளேயே திரும்பி, பின்னோக்கி வராமல் முன்னோக்கியே வெளியேற வழி இருக்க வேண்டும். இவற்றை மனையில் நேரில் பார்த்த பிறகே நிறைவுச் சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு மிக முக்கியமானது இந்த நேரடி ஆய்வுதான், ஏனென்றால் வரைபடங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருக்கின்றன.

ஏற்கெனவே கட்டி முடித்த இடங்களில், கடையாக மாறிய நிறுத்துமிடங்களை மீட்கவும், அடைபட்ட வடிகால்களைத் திறக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நெடுஞ்சாலை, ஊராட்சி, நகர் ஊரமைப்பு அலுவலர்களை ஒரே நாளில் சேர்த்து அனுப்பினால், தண்ணீர் தேங்கும் இடங்களை நாங்கள் உடன்வந்து காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பாம்பன், தங்கச்சிமடம் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பங்கள், தண்ணீர் தேங்கும் இடங்களின் புகைப்படங்கள்