ஹொட் டப்பின் தண்ணீரை எப்போது மாற்றினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்கு எடுக்கக்கூடிய கொட்டேஜ்கள் பற்றிச் சென்ற கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த பக்கத்தைப் படித்தேன். கோர்ன்வால், பெம்புறூக்ஷயர், யோர்க்ஷயர் என்று கடற்கரை வீடுகளும் நாட்டுப்புற வீடுகளும் வடிவான படங்களோடு இருந்தன. எத்தனை அறை, கடல் எவ்வளவு தூரம், நாயைக் கொண்டுபோகலாமா எல்லாம் எழுதியிருந்தீர்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் ஹொட் டப், அதாவது பல பேர் சேர்ந்து உட்காரும் குமிழி விடும் சுடுதண்ணீர்த் தொட்டி, இருந்தது. அதன் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

நான் லண்டனில் ஒரு கவுன்சில் நீச்சல்குளத்தில் 17 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். காலையில் கதவு திறக்குமுன் குளத்துத் தண்ணீரை அள்ளி, அதில் மாத்திரை கரைத்து, வருகிற ரோஸ் நிறத்தை வைத்துக் குளோரின் அளவைப் புத்தகத்தில் எழுதுவேன். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

போன வருடம் ஓகஸ்டில் மகன் குடும்பம், மகள் குடும்பம், மாமியார் எல்லாருமாக ஒன்பது பேர் வேல்ஸில் சாண்டர்ஸ்ஃபுட் பக்கம் கடலைப் பார்த்த வீடு ஒன்றை எடுத்தோம். படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தெரிவு செய்த வீடு. பின்னேரம் 4 மணிக்குச் சாவி கிடைத்தது. மூடியைத் திறந்தால் ஆவி பறக்கிறது, 38 பாகை. பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். எனக்கு மட்டும் மூக்கில் மணம் அடித்தது. குளோரின் மணம் பலமாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் செலவாகிப் போகும்போதுதான் அந்த மணம் எழும்பும். தண்ணீர் மட்டத்தில் தொட்டியின் சுவரை விரலால் தடவினேன், வழுக்கியது; கிருமி படிந்திருப்பதன் அடையாளம் அது. அந்த இடத்திலேயே நான் பிள்ளைகளை நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்தரை மணி நேரக் கார் ஓட்டம், அவர்களுடைய குதூகலம், நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பேத்தியின் வயிற்றிலும் தொடையிலும், நீச்சலுடை ஒட்டியிருந்த இடமெல்லாம் சிவப்புப் பருக்கள். ஃபார்மஸியில் காட்டினோம். சூடோமோனாஸ் என்ற கிருமியால் வருவது, ஹொட் டப்புக்குப் போய்வந்த பிள்ளைகளில் பார்த்திருக்கிறோம் என்றார்கள். ஒரு கிழமையில் தானாகவே மாறிவிட்டது. ஆனால் இரண்டு இரவு அவள் சொறிந்து சொறிந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வீடுகளில் முந்தியவர்கள் காலை 10 மணிக்கு வெளிக்கிடுவார்கள், நாங்கள் 4 மணிக்குப் போவோம். இடையில் ஆறு மணி நேரம். ஹொட் டப்பில் ஏறக்குறைய 1200 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். சாதாரண பிளக்கில் வேலை செய்யும் 3 கிலோவாட் ஹீற்றர் அதை மணிக்கு 2 பாகைதான் சூடாக்கும். 12 பாகையில் வருகிற குழாய்த் தண்ணீர் 38க்கு ஏற 12, 13 மணி நேரம் வேண்டும். அப்படியென்றால் 4 மணிக்கு ஆவி பறந்த தண்ணீர் யாருடைய தண்ணீர்? சுடுதண்ணீரிலேயே நிரப்பும் வீடுகள் உண்டு. விறகு அடுப்பு வைத்த டப் சில மணி நேரத்தில் சூடாகும். ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது.

வாடகைக்கு விடும் வீடுகளில் ஒவ்வொரு குடும்பமும் போனபின் தண்ணீரை முழுக்க இறக்கி, தொட்டியைக் கழுவி, புதிதாக நிரப்ப வேண்டும் என்று இந்த நாட்டின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் 2017இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பரு வருவது மட்டும் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 பாகை வரையான தண்ணீரில் பெருகும். குமிழி உடையும்போது எழும்பும் நுண்துளியை மூச்சில் இழுத்தாலே போதும், நுரையீரலுக்குப் போய்விடும். 2012இல் ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட்டில் ஒரு கடையில் காட்சிக்கு ஓடவிட்டிருந்த ஹொட் டப்பிலிருந்து இது பரவி இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கவே இல்லை, கடைக்குப் போனவர்கள்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. தலையில் எண்ணெய், உடம்பில் சன் கிரீம், அப்படியே உள்ளே இறங்குகிறோம். 25 மீற்றர் குளத்தில் நாலு லட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர், அதற்கே முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்று எழுதி வைத்திருந்தோம். 1200 லீற்றரில் ஆறு பேர் எண்ணெயோடு இருந்தால் குளோரின் எத்தனை நிமிடம் தாங்கும்?

இந்த வருடம் ஈஸ்டருக்கு ஸ்கந்தவேல் முருகன் கோயிலுக்குப் போவதாக நேர்த்தி. கடற்கரை வேண்டாம் என்று, கோயில் இருக்கிற வேல்ஸின் கார்மார்தன்ஷயரிலேயே, அங்கிருந்து அரை மணி நேரத்தில், ஒரு பண்ணை வீடு பார்த்தோம். பிள்ளைகள் ஹொட் டப்பை விடவில்லை. சரி, இந்த முறை நான்தான் போன் எடுத்தேன். தண்ணீர் எப்போது மாற்றுவீர்கள், குளோரின் ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்ப்பீர்கள், வயதானவர் ஏறப் படியும் கைபிடியும் உண்டா? வீட்டுக்கார அம்மா சொன்ன முதல் பதில்: "நீங்கள் வருகிற அன்றைக்கு இரவு தண்ணீர் சூடாக இருக்காது, மன்னிக்க வேண்டும். மத்தியானம்தான் புதிதாக நிரப்புவோம். அடுத்த நாள் காலை பாவிக்கலாம்." அந்த ஒரு பதிலுக்காகவே அந்த வீட்டை எடுத்தேன். டப்புக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியில் காலையும் மாலையும் அளவு எழுதியிருந்தார்கள். அப்புறம் நானும் சில பவுண்டுக்கு வாங்கிய சோதனைத் தாளை முக்கிப் பார்த்தேன், அவர்கள் எழுதியதுதான் வந்தது.

மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் அவர் உள்ளே இறங்கவில்லை. படியில் இருந்து கால் மட்டும் நனைத்தார்.

அடுத்த முறை இந்தப் பக்கத்தைப் போடும்போது, அறைகளின் எண்ணிக்கைக்குக் கீழே, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீர் மாற்றுகிறார்களா என்பதையும் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறை தொடங்கமுன் அது வந்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

முன்னாள் நீச்சல்குளப் பணியாளர்,
ஹரோ, லண்டன்